பட்டை மரப்பு

பதினாலு நாள் மாத்திரை,
ஏழு நாள் சும்மா இரு.
திருவனந்தபுரத்தில் டாக்டர் சொன்னபோது
எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.
ஒரு நாள் வெட்டினால் மறுநாள் விடுவேன்.
தினமும் வெட்டினால் ரப்பர் பாலை மறக்கும்,
பட்டை மரத்துப்போகும்.
இருபத்தாறு வருஷம்
அருமனைத் தோட்டத்தில்
முந்நூறு மரம் என் கணக்கு.

இப்போது கணக்கு வேறே.
அதே நோட்டில்,
ஷீட்டு எண்ணிக்கைக்குக் கீழே ஒரு கோடு போட்டு:
வயிறு எத்தனை தடவை போனது.
வெள்ளம் எத்தனை செம்பு.
காய்ச்சல் நூறு தாண்டினால்
ராத்திரியானாலும் போன் பண்ணு என்று
நர்ஸ் மலையாளத்தில் சொன்னதை
தமிழில் எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன்.

யூரியா களிம்பு எழுதிக் கொடுத்தார்கள்.
மருந்துக்கடையில் நின்று சிரித்துவிட்டேன்.
மரமூட்டில் யூரியா வைத்த கை இது.
இப்போது ராத்திரிதோறும் விமலபாய்
என் உள்ளங்காலில் வைக்கிறாள்,
மகன் பத்தாம் கிளாஸில் போட்ட
வெள்ளைச் சாக்ஸை மேலே இழுத்துவிடுகிறாள்.
மழைக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டிய மரம்
கட்டிலில் நீண்டு கிடக்கிறது.

ஊசி ஏறிய வாரம் குளிர் கடிக்கும்.
வெளுப்பாங்காலத்தில் ஸ்டீல் செம்பைத் தொட்டால்
விரல் வழியே கரண்ட்.
கைப்பிடிக்கெல்லாம் பழைய கைலி கிழித்துச் சுற்றியாயிற்று.
நாக்கில் இரும்பு ருசி, ஆகவே மரக்கரண்டியில் கஞ்சி.
மீன்குழம்பு கொதித்தால்
நான் எழும்பி பிலாமரத்தடிக்குப் போய்விடுவேன்.
வாய்ப்புண்ணுக்கு உப்புவெள்ளம்
ஆறு தடவை.
ஏழாவது தடவை வீம்புக்கு.

இவ்வளவும் எழுதியவன்
ஒன்றை மட்டும் எழுதவில்லை.
உள்ளங்கை சிவந்ததை,
தொலி உரிந்ததை,
சட்டைப் பொத்தான் மாட்ட
விமலபாய் வேண்டிவந்ததை.
"சுகமாணோ?" என்பாள் நர்ஸ்.
"சுகம்" என்பேன்.
இரண்டு மொழிக்கும் ஒரே பொய்.
சொன்னால் மருந்தைக் குறைத்துவிட்டால்?
கத்தி ஆழம் போகாமல் பால் வருமா?

மாசம் பிறந்து மேல்புறம் ரேஷன் கடை.
எட்வின் மிஷினை நீட்டினான்.
பெருவிரல். இல்லை.
துடைச்சிட்டு வையும் என்றான்.
பத்து விரலும் வைத்தாயிற்று.
"ஆளு நீருதானா, மாமா?"
வரிசையில் சிரிப்பு. நானும் சிரித்தேன்.
மிஷின் மட்டும் சிரிக்காமல்
சிவப்பு காட்டிக்கொண்டே இருந்தது.
வெளியே வந்து வெயிலில் விரலைத் திருப்பினேன்.
பிறந்தபோது வந்த கோடு ஒன்றும் இல்லை.
கத்தி வழுக்கிய பழைய தழும்பு மட்டும்
இடதுகைச் சுட்டுவிரலில்,
அசையாமல்.

களியக்காவிளையில் பஸ் மாறி,
கடைப்பலகையில் எழுத்து உருண்டையாகும் இடம் தாண்டி,
இந்தத் தடவை கையை மேசைமேல் மலர்த்தி வைத்தேன்.
டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"இதை எப்போதிலிருந்து?"
நோட்டைத் திறந்தேன். அந்தப் பக்கம் வெள்ளை.
மாத்திரை ஒரு வாரம் நின்றது,
பிறகு அளவு குறைந்தது.
பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது:
கத்தி தடியில் பட்டால்
அந்த இடத்துப் பட்டை நேராக வளராது.
புதுசாக வெட்ட வந்த எத்தனை பேரை
இதற்காகத் திட்டியிருக்கிறேன்.

அரிசி இப்போது விமலபாய் விரலுக்கு வருகிறது.
பாதம் இன்னும் எரிகிறது, முந்தைய அளவுக்கு இல்லை.
செருப்பில்லாமல் முற்றம்வரை போகிற நாளும் உண்டு,
போகாத நாளும் உண்டு,
இரண்டையும் எழுதுகிறேன்.

நேற்று என் சுண்டுவிரலை விளக்கில் பிடித்து
கோடு ஒண்ணு வந்திருக்கு பாரும் என்றாள்.
கண்ணாடி தேடிப் போட்டுக்கொண்டேன்.
கோடா, சாக்ஸ் நூலா,
தெரியவில்லை.
தேதி போட்டு எழுதி வைத்தேன்:
சுண்டுவிரல். சந்தேகம்.